திரைக்கு எதற்கு எல்லைக்கோடு?



ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆயினும், அங்கிருந்து குடும்பத்தோடு இக்கரைக்குக் குடிபெயர்ந்த தமிழர், வசந்தம் ஒளிவழியின் பல நிகழ்ச்சிகளை மீவாட்ச் தளத்தில் காண இயலாது. கடவுச்சீட்டு உள்ளவன் கடக்கும் எல்லையை அவனது தாய்மொழி நாடகம் கடக்கக் கூடாதாம்!

ஒளிபரப்புரிமை நாடுதோறும் தனித்தனியே விற்கப்படுகிறது என்பர். விலைக்கு வாங்கிய திரைப்படத்திற்கும் காற்பந்தாட்டத்திற்கும் அது பொருந்தும், ஏற்கிறேன். மக்கள் வரிப்பணத்தின் துணையோடு, நிலையமே தயாரித்த தமிழ் நாடகத்திற்கும் சிறுவர் நிகழ்ச்சிக்கும் அது எவ்வாறு பொருந்தும்?

வழி இல்லாமல் இல்லை. கட்டணம் செலுத்திய சந்தாதாரர் மற்றோர் உறுப்பு நாட்டில் தற்காலிகமாகத் தங்கினாலும் தம் நாட்டு இணையச் சேவையைக் காணும் உரிமையை, 2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டப்படி வழங்கி வருகிறது. ஆசியான் நாடுகள் அதைப் பின்பற்றினால் என்ன?

பூட்டைக் கண்ட மாணவன் என்ன செய்கிறான்? வி.பி.என். வழியே, தான் வேறு நாட்டில் இருப்பதாகப் பொய்யுரைத்து நுழைகிறான். அன்றேல் தமிழை விடுத்து, யூடியூபில் வேற்றுமொழிக் காணொளிகளுக்குத் தாவுகிறான். முன்னதில் நேர்மை போகிறது. பின்னதில் மொழி போகிறது. இரண்டையும் வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியன் நான். எதை இழக்கச் சம்மதிப்பேன்?

நிலையத்தாரே, சொந்தத் தயாரிப்புகளையேனும் திறந்துவிடுங்கள். தமிழ் கேட்கும் செவிகள் குறைந்துவரும் மண்ணில், தேடி வருவோரைத் திருப்பி அனுப்புவது அறிவுடைமை ஆகுமா?

சிந்திப்போம், கேட்போம்.