இடிகூலியும் வாஸ்துக் கூலியும்

ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கும் தோழர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, தமது பழைய வீட்டின் பின்கட்டை இடிக்க என்ன செலவாகும் என்று கேட்டார். ஏன் இடிக்க வேண்டும் என்றேன். அடுப்பு அக்கினி மூலையில் இல்லையாம்; அதனால்தான் தறிக்கூலி வீட்டில் தங்கவில்லையாம்! இதைக் கண்டுபிடித்த வாஸ்துக்காரருக்கு 5,000 ரூபாய் அழுதாகிவிட்டது. இடிப்பதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. போடாதது செலவுக் கணக்கு ஒன்றுதான்.

தோழர்களே! ஒரு தெருவில் இச்சாரி வீடுகள் வடக்குப் பார்த்தால் எதிர்ச்சாரி வீடுகள் தெற்குப் பார்க்கின்றன. இரு சாரிக்கும் கூலி ஒன்றே, கடனும் ஒன்றே. அப்படியிருக்க மூலைக்கு என்ன யோக்கியதை?

நிற்க, கணக்குக்கு வருவோம். 30 அடி நீளம், 10 அடி உயரம், ஒன்றரை அடி கனமுள்ள சுவர் 450 கன அடி. நாலரை யூனிட்தானே என்று வண்டி பேசுகிறவர் ஏமாறுவார். உடைந்த இடிசல் நின்ற சுவரைவிட அதிக இடம் பிடிக்கும். ஆறு யூனிட்டுக்குக் குறையாது. ஆள்கூலி, முட்டு, வண்டி வாடகை, கொட்டுமிடம், மின்சாரத்தைத் துண்டிப்பது இவ்வளவும் செலவு. உத்திரம், கதவு, நல்ல செங்கல் விற்று வருவதைக் கழிக்கலாம். பொதுச்சுவரானால் பக்கத்து வீட்டுக்கூரை அதில்தானே உட்கார்ந்திருக்கிறது? அவருக்குக் கட்டிக்கொடுக்கும் செலவை எங்கே எழுதுவது? பாவு முடியாமல் தறி நிற்கிற நாட்களின் கூலியை யார் தருவது? வாஸ்துக்காரரா?

இதைவிடப் பெரிய இனம் ஒன்று உண்டு. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31இல் தீப்பற்றிய சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடையின் மாடிக் கட்டடத்தை இடித்தபோது, இடிப்பு இயந்திரம் ஓட்டியவர் இடிபாடு விழுந்து மாண்டார். இடிகூலியை உரிமையாளரிடமே வசூலிப்போம் என்று அரசாங்கம் சொல்லிற்று. சரி, போன உயிரை எந்தப் பத்தியில் வசூலிப்பது? கட்டடம் இடிப்பதற்கென்றே ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. மேலிருந்து கீழாக, மாடி மாடியாக இறக்கவேண்டும் என்கிறது. அடியில் பறித்துச் சுவரைச் சாய்த்தால் இரண்டு நாள் கூலி மிச்சம் என்று நம் ஊரில் சொல்லுகிறார்களே, அந்த மிச்சம் சித்தாளின் தலைமேல் எழுதிய பற்று.

இப்படியாகக் காகிதத்தில் எழுதிக் கூட்டிக்காட்டினேன். வாஸ்துக்காரருக்குக் கொடுத்த பணத்தில் முட்டுக்கழியும் நாலு பேருக்குத் தலைக்கவசமும் வாங்கியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். தோழர் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “நாள் குறித்தாகிவிட்டதே” என்றார்.

குறித்த நாள் வருகிற வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பொதுச்சுவரைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.