துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

“கொடைக்கானல் கீழ்மலையில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கிறோம். பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா காலத்திலிருந்து உரிமத்துடன் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. குழல் வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிக்கும் வகை. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, இரண்டரை மாதம் கழித்து வாங்கி வந்தோம். குழல் வாயில் செந்துரு ஏறியிருந்தது. பெட்ரோல் விட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் பூசி வைத்தேன். ஒரே மாதத்தில் மறுபடியும் துரு. குதிரையும் பிசுபிசுவென்று மெதுவாக விழுகிறது. எந்த எண்ணெய் போட்டால் சரியாகும்?”

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

எண்ணெயை மாற்றினால் மட்டும் சரியாகாது. பயிரில் இருப்பது பூச்சியா, பூஞ்சையா என்று பார்க்காமல் மருந்து அடித்தால் காசுதான் வீண். துப்பாக்கியும் அப்படித்தான். குழலுக்குள் இருக்கும் அழுக்கு எந்த வகை என்று தெரிந்த பிறகுதான், எதை ஊற்றிக் கழுவுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

கரிமருந்தில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். சுட்டதும் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை. மருந்தின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மீதி குழலின் உள்சுவரில் படியும். இந்தப் படிவில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். மழைக்காலத்தில் திறந்து வைத்த கல் உப்பு நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த உப்பும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மலைப்பகுதியில் பனியும் மூடுபனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரும்பின் மேல் எந்நேரமும் உப்புத் தண்ணீர் நிற்பது போலத்தான்.

பெட்ரோலுக்கு உப்பைக் கரைக்கும் சக்தி கிடையாது. வீட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தால், அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். அடியில் அப்படியே கிடக்கும். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். நீங்கள் பெட்ரோல் ஊற்றியபோது குழலில் ஒட்டியிருந்த கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் போய்விட்டது. உப்பு மட்டும் தங்கிவிட்டது. அதன் மேல் தேங்காய் எண்ணெயைப் பூசியதால் துரு உள்ளுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது.

பெட்ரோலை இந்த வேலைக்கு இனித் தொடவே வேண்டாம். உறைய வைக்கும் குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். கரிமருந்து வைத்திருக்கும் வீட்டில் ஒரு பொறி போதும்.

கரிமருந்துத் துப்பாக்கியைக் கழுவச் சரியான திரவம் சோப்புத் தண்ணீர். ஆனால், கழுவும் முன் குழல் காலியா என்று உறுதி செய்யுங்கள். முதலில் கேப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்து இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல் வாய் இருக்கும் இடத்தில் கம்பியில் அடையாளம் வையுங்கள். கம்பியை வெளியே எடுத்து, அடையாளம் குழல் வாயோடு பொருந்தும்படி குழலின் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். கம்பியின் நுனி, கேப்பு பொருத்தும் முனையின் அடிவரை வர வேண்டும். நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால், உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடி இருக்கிறது என்று அர்த்தம். அதை நோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுநீக்குநரிடம்தான் போக வேண்டும்.

காலி என்று தெரிந்த பிறகு, குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். கேப்பு முனையையும் அதற்குரிய சாவியால் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில சொட்டு விட்ட வெந்நீரில் குழலின் அடிப்பகுதியை நிறுத்தி, கம்பியில் துணி சுற்றி மேலும் கீழுமாக இழுங்கள். முதலில் கறுப்புத் தண்ணீர் வரும், முட்டை அழுகிய நாற்றமும் அடிக்கும். அது கந்தகம். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். கடைசியாகச் சோப்பில்லாத கொதிநீரை ஊற்றி அலசினால் இரும்பு சூடேறி ஈரம் சீக்கிரம் காயும். பழைய பருத்தி வேட்டித் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, சூடு ஆறும் முன்பே எண்ணெய் தடவிவிட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் மெல்லிய துரு படர ஆரம்பிக்கும். கட்டையில் தண்ணீர் படக் கூடாது.

எந்த எண்ணெய் என்று கேட்டீர்கள். தையல் மிஷினுக்குப் போடும் மெல்லிய கனிம எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கீழ்மலை இரவுகளில் குதிரையும் விசையும் உறைந்த எண்ணெயில் சிக்கி மெதுவாக நகர்வதில் ஆச்சரியம் இல்லை. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலும் வேண்டாம். அதில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கும்.

குதிரை மெதுவாக விழுவதை அலட்சியப்படுத்தாதீர்கள். மெதுவாக விழுந்தால் கேப்பு வெடிக்காமல் போகலாம், தாமதித்தும் வெடிக்கலாம். சுட முயன்று வெடிக்கவில்லை என்றால், குழலை ஆளில்லாத பக்கமாகப் பிடித்தபடி குறைந்தது இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உடனே முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்துக் கண்ணை இழந்தவர்கள் உண்டு.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன், மேலே சொன்னபடி கழுவி உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். வெளிப்புற இரும்பில் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவலாம். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு, அது எந்த நிலையில் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

“12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன், தோட்டா போடும் வகை. கடையில் சால்வென்ட், ஆயில், கிரீஸ் என்று நாலைந்து வெளிநாட்டுப் பாட்டில்களைக் காட்டுகிறார்கள். எல்லாமே வாங்க வேண்டுமா? டபிள்யூ.டி.-40 மட்டும் போதாதா?”

- வாசகர், தளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

எல்லாம் தேவையில்லை. இன்றைய தோட்டாக்களில் இருப்பது புகை குறைந்த மருந்து. அது விடும் அழுக்கில் கரி, மெழுகு போன்ற பசை, ஈயம், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உரசிய படிவு ஆகியவை இருக்கும். இதற்குத் தண்ணீர் உதவாது, எண்ணெய் வகைக் கரைப்பான்தான் வேண்டும். நாட்டுத் துப்பாக்கிக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹாப்பீஸ் நம்பர் 9 போன்ற ஒரு சால்வென்ட் பாட்டில் வாங்கினால் பல ஆண்டுகள் வரும். கிடைக்கவில்லை என்றால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் வெண்கலக் கம்பி பிரஷும் பெரும்பாலான அழுக்கை எடுத்துவிடும். எஃகு பிரஷ் வேண்டாம், குழலைக் கீறிவிடும். மண்ணெண்ணெய் உலர்ந்த பின் இரும்பைக் காக்க எதுவும் மிஞ்சாது. அதனால், துடைத்ததும் எண்ணெய் தடவ வேண்டும். அடுப்பு, பீடி, சிகரெட் அருகில் இருக்கக் கூடாது.

செம்பைக் கரைக்கும் சால்வென்ட் என்று தனியாக ஒன்று விற்பார்கள். பெரும்பாலும் அமோனியா நெடி அடிக்கும். செம்பு உறை போட்ட ரைஃபிள் குண்டுகளுக்கானது அது. நீங்கள் பயன்படுத்துவது சிறு ஈயக் குண்டுகள் நிறைந்த தோட்டா. அந்தச் செலவு வேண்டாம்.

டபிள்யூ.டி.-40 என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்கு, தண்ணீரை விரட்டுவது என்று பொருள். மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை எடுக்க அது நல்லது. ஆனால், அதன் பூச்சு மெல்லியது, மாதக்கணக்கில் காக்காது. அடித்துத் துடைத்துவிட்டு, மேலே மிஷின் ஆயிலோ துப்பாக்கி ஆயிலோ தடவுங்கள்.

குழல் மடங்கித் திறக்கும் கீல் எடை தாங்கும் இடம். அங்கே எண்ணெய் நிற்காது, கடுகளவு கிரீஸ் வைக்க வேண்டும். விசை இருக்கும் உள்பகுதிக்கு ஒரு சொட்டு எண்ணெய்க்கு மேல் வேண்டாம். அதிகம் விட்டால் தூசி ஒட்டும், மரக்கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்கும். குழலுக்குள் தடவிய எண்ணெயைப் பயன்படுத்தும் முன் உலர்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். எண்ணெய் தேங்கினாலோ துணித் துண்டு சிக்கியிருந்தாலோ அழுத்தம் ஏறிக் குழல் வெடிக்கலாம்.

மிகப் பழைய தோட்டா, பழைய கேப்பு என்றால் மட்டும் ஒரு விதிவிலக்கு. அவற்றின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கலாம். அது வெடித்த பிறகு மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நீங்கள் வாழைக்குப் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரமும் அதே உப்புதான். அதற்கு முதலில் வெந்நீர், பிறகு சால்வென்ட், பிறகு எண்ணெய்.

“உர மூட்டை அடுக்கிய அறையில் வைத்திருந்த துப்பாக்கி துருப்பிடித்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா, உப்புத்தாள் போடலாமா?”

- வாசகர், தாளவாடி, ஈரோடு மாவட்டம்.

இரண்டும் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் அமிலம். பித்தளைக் குடத்துக்குச் சரி. துப்பாக்கியில் தேய்த்தால் துருவைக் காக்கும் கருநீலப் பூச்சும் சேர்ந்து போய்விடும். உப்புத்தாள் நல்ல இரும்பையும் அரிக்கும். வெளியே மேலோட்டமான துரு என்றால், மிஷின் ஆயிலில் ஒரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் லேசாகத் தேயுங்கள்.

உள்ளே துரு இருந்தால், தோட்டா எடுத்துவிட்டதைப் பார்த்து, திறந்த குழலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். துடைத்த பிறகும் புள்ளி புள்ளியாகக் குழிகள் தெரிந்தால் அந்தக் குழலால் சுடாதீர்கள். குழி விழுந்த இடத்தில் இரும்பு மெலிந்திருக்கும். அது தாங்குமா என்பதை எந்த எண்ணெயும் சொல்லாது. உரிமம் பெற்ற பழுதுநீக்குநர் அளந்து பார்த்துச் சொல்லட்டும். ஊரில் உள்ள பட்டறையில் கொடுத்துப் பற்றவைப்பது ஆபத்து. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ஆயுதம் பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும்.

துரு வந்த காரணத்தையும் மாற்றுங்கள். உர அறையில் பறக்கும் உப்புத் தூசியே இரும்புக்குப் போதும். ரெக்சின் உறைக்குள் வைத்தாலும் ஈரம் தங்கும். பூட்டிய அலமாரியில், தோட்டாவைத் தனியே வைத்துவிட்டு, குழல் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி துணி மேல் நிறுத்துங்கள். மிஞ்சிய எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.

மூவருக்கும் பொதுவாக ஒரு விஷயம். துடைத்த துணியில் ஈயம் இருக்கும். கையுறை போட்டு, சமையலறைக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தத் துணியை அடுப்பில் எரிக்க வேண்டாம்.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்பது வேட்டை உரிமம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். காட்டுப்பன்றியாக இருந்தாலும், வனத்துறை அனுமதியின்றிச் சுடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெரும்பாலான தோட்டங்களில் இந்தத் துப்பாக்கியின் வேலை இரவில் ஒரு சத்தம் எழுப்புவதுதான். அந்த ஒரு சத்தத்துக்காகச் சுட்டாலும் உள்ளே உப்பு படியும். எனவே, கரிமருந்து என்றால் அன்றைக்கே வெந்நீர் வையுங்கள்.