பன்னிரண்டு வயதில் துரோகியா?

மணவூர், திருவாலங்காடு, கடம்பத்தூர் என அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில், விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். பிள்ளையை ஒரு கிளப்பிலிருந்து எடுத்து வேறொன்றில் சேர்க்கலாமா என்று வாய்விட்டுச் சொன்னதுமே அவர்கள் கேட்க நேரும் சொல், துரோகம். "வளர்த்த கடா மார்பில் பாயுது, பாத்தியா" என்பார் பயிற்சியாளர். "ஏத்திவிட்ட ஏணியையே எட்டி உதைக்கிறீங்களே" என்பார்கள் மைதானத்து ஓரத்தில் நிற்கும் மற்ற பெற்றோர். வீட்டிலும் மாமனும் சித்தப்பாவும் "மாஸ்டர் மனசு நோகுமேப்பா" என்று தயங்குவார்கள். முதன்முதலில் பந்தைக் கையில் கொடுத்தவருக்கே பிள்ளை சொந்தம் என்ற இந்த நம்பிக்கையை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எழுதப்பட்ட விதிகளைவிட அதிகாரமாக அது நம் மைதானங்களை ஆள்கிறது. இது தவறான நம்பிக்கை. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்துகொண்டிருக்கும் நம்பிக்கை.

கெடுதல் எப்படி நடக்கிறது என்பது மைதானப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். பிள்ளை கிளம்பப்போகிறான் என்ற பேச்சு எழுந்த வாரமே மேட்சில் அவன் பெயர் இருக்காது. பழைய சர்டிஃபிகேட்டைக் கேட்டால் "சங்கத்துல இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வரும். ஆட்சேபனை இல்லை என்று தர வேண்டிய என்ஓசியைக் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் எப்போதும் வெளியூரில் இருப்பார். நேற்றுவரை ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்த சிநேகிதர்களிடம் "அவன்கூடப் பேசாதீங்க" என்று சொல்லப்படும். பெரியவர்கள் இருவரின் கௌரவப் பிரச்சினைக்கு ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை விலை கொடுக்கிறான்.

அந்தச் சான்றிதழ்கள் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கானவை அல்ல. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உண்டு. அரசு வேலையிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விடிவதற்கு முன்பே மின்சார ரயில் பிடித்து அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வேலைக்கு ஓடுகிற குடும்பத்தில், மாநிலப் போட்டியில் ஆடியதற்கான ஒரு தாள் அடுத்த தலைமுறையின் பிழைப்பையே மாற்றக்கூடியது. கோபத்தில் அதைப் பிடித்து வைக்கிறவர் அந்தப் பிழைப்பில் கைவைக்கிறார்.

"அப்படியானால் குருவை மதிக்கவே வேண்டாமா?" என்று கேட்பார்கள். குருவை மதிப்பதைப் பற்றித் திருத்தணி வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 5 அன்று இந்தியா முழுவதும் கொண்டாடும் ஆசிரியர் தினம், 1888-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். அவர் எப்படிப் படித்தார் என்று பாருங்கள். திருத்தணியில் தொடக்கக் கல்வி. அங்கிருந்து திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூரில் ஊரீஸ் கல்லூரி. அதையும் விட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. திருத்தணி வாத்தியார் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காக அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இடம் மாறி மாறிப் படித்ததால்தான் அவர் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர் ஆனார்.

அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1921-ல் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை அமர்த்தி, தாங்களே இழுத்துக்கொண்டு ரயில் நிலையம்வரை போய் வழியனுப்பினார்கள். அவர் மாணவர்களை விட்டுப் போகிறார். மாணவர்களோ அவருடைய உயர்வைத் தங்கள் உயர்வாகக் கொண்டாடுகிறார்கள். ஆசிரியர் மேலே போகும்போது மாணவர்கள் வண்டி இழுக்கலாம் என்றால், மாணவன் மேலே போகும்போது ஆசிரியர் ஏன் சாபமிட வேண்டும்? ஆசிரியர் தினத்தைக் கொண்டாடும் நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி பணக் கணக்கு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாதா மாதம் ஃபீஸ் கட்டி ஆடுகிறவர்கள். ஷூ, ஜெர்சி, போட்டி நுழைவுக் கட்டணம், பஸ் செலவு எல்லாம் வீட்டுப் பணம். சம்பளம் வாங்கி ஆடுகிற தொழில்முறை வீரருக்கே, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பழைய கிளப் அவரைப் பிடித்து வைக்க முடியாது. 1995 டிசம்பரில் ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியக் கால்பந்து வீரர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. உலகக் கால்பந்தின் முகமே அதன்பின் மாறியது. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்கு இருக்கும் அந்த விடுதலை, காசு கட்டி ஆடுகிற மணவூர்ப் பிள்ளைக்கு இல்லை என்கிறோம். ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை, கையெழுத்துப் போடும் வயதுகூட இல்லை. கட்டு மட்டும் இருக்கிறது. இதற்குப் பெயர் விசுவாசம் என்றால், கொத்தடிமையை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

பள்ளிக்கூட விஷயத்தில் இந்தத் தெளிவு நமக்கு எப்போதோ வந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் மாறிப் போவதைக் குழந்தையின் உரிமையாகவே சொல்கிறது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழான டிசியை உடனே கொடுக்க வேண்டும். தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கை. டிசி வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. பாக்கிக் கட்டணத்தை வசூலிக்கும் கருவியாக டிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொன்னது. பிள்ளையைத் திருத்தணிப் பள்ளியிலிருந்து திருவள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றும் அப்பாவை எந்தக் கணக்கு வாத்தியாரும் துரோகி என்பதில்லை. அதே அப்பா அதே பிள்ளையை அதே திருவள்ளூரில் ஒரு கபடிக் குழுவுக்கோ கிரிக்கெட் அகாடமிக்கோ மாற்றினால் மட்டும் குற்றவாளி ஆகிவிடுகிறார். என்ன நியாயம் இது?

நார்வேயில் விளையாட்டுச் சம்மேளனமே குழந்தைகளுக்கென உரிமைப் பட்டியல் ஒன்றை 2007-ல் ஏற்றுக்கொண்டது. எந்த விளையாட்டு, எத்தனை விளையாட்டு, எவ்வளவு நேரம் பயிற்சி என்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் உரிமை. கிளப் மாறுகிற குழந்தைக்கென்றே அதில் ஒரு வரி இருக்கிறது: மாற்றம் பதிவான உடனேயே புதிய கிளப்புக்காகப் போட்டிகளில் ஆடலாம். காத்திருப்புக் காலம் கிடையாது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் அந்தச் சின்ன நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளுகிறது. பிள்ளைகளைக் கட்டிப் போடாததால் அங்கே விளையாட்டு அழிந்துவிடவில்லை.

முதல் பயிற்சியாளரின் வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். கிராமத்து மைதானத்தில் முள் பொறுக்கிக் கோடு போட்டு, கைக்காசில் வலை வாங்கிக் கட்டி, விடியற்காலையில் பிள்ளைகளை வீடு வீடாக எழுப்பிக் கூட்டி வரும் மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளி பி.டி. மாஸ்டர்கள் பலர் இப்படித்தான் வாழ்நாளைக் கழித்திருக்கிறார்கள். பிள்ளை நன்றாக ஆடத் தொடங்கிய வருஷத்தில் டவுன் அகாடமி ஒன்று வந்து கொத்திக்கொண்டு போய், பேப்பரில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். வயிறு எரியத்தான் செய்யும். அந்த உழைப்புக்குக் கைம்மாறு வேண்டும். ஆனால் அதைப் பிள்ளையிடம் வசூலிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கால்பந்து உலகம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஒரு வீரர் நாடு விட்டு நாடு பணத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. கொடுப்பது வாங்குகிற பெரிய கிளப். வீரரின் கையிலிருந்து எதுவும் போவதில்லை. நம் மாவட்டச் சங்கங்களில் அவ்வளவு பணம் புழங்காது என்பது தெரியும். வெற்றிச் செய்தியில் முதல் பயிற்சியாளர் பெயரையும் போடுவது, ஊக்கத்தொகை வந்தால் அதில் ஒரு பங்கு அந்த மைதானத்துக்குப் போவது, இவற்றையாவது விதியாக்கலாமே. கைம்மாறு செய்ய வேண்டியவர்கள் சங்கமும் அகாடமியும் அரசும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தார் நடராஜன். அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். தன் அணியிலேயே வைத்திருந்தால் சுற்றுவட்டாரக் கோப்பைகளையெல்லாம் வென்றிருக்கலாம். அவரோ சென்னைக்கு அனுப்பினார். அங்கே நான்காம் டிவிஷனில் பிஎஸ்என்எல் அணி, அதன்பின் விஜய் சிசி, ஜாலி ரோவர்ஸ் என்று அணிக்கு அணி மாறித்தான் நடராஜன் மேலே வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஐபிஎல்லில் அவர் அணிந்த சட்டையில் 'ஜேபி நட்டு' என்று இருந்தது. அந்த ஜேபி, ஜெயப்பிரகாஷ். பிறகு நடராஜன் சொந்த ஊரிலேயே பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் கட்டினார். அது 2023-ல் திறக்கப்பட்டது. கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் இந்த நன்றியும் வந்திருக்காது, அந்த மைதானமும் வந்திருக்காது.

ஹாக்கியில் கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். கோவில்பட்டி விடுதிக்கு மாறிப் பயிற்சி பெற்றார். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தார். நம் திருவள்ளூர்ப் பெண் மனிஷா ராமதாஸ் லக்னோவில் கௌரவ் கன்னாவிடம் பயின்று, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டன் வெண்கலம் வென்றார். எந்த வீரரின் வரலாற்றை எடுத்தாலும் இப்படி ஓரிரு இடமாற்றங்கள் இருக்கும்.

எல்லாப் பிள்ளையும் பதக்கத்துக்காக மாறுவதில்லை, மாறவும் வேண்டியதில்லை. வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு உள்ளூரில் பெண்கள் அணி இருக்காது. பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. எப்போதும் பெஞ்சிலேயே உட்கார வைப்பார்கள். மாஸ்டர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அல்லது பிள்ளையின் நண்பன் வேறு இடத்தில் ஆடுகிறான், அவ்வளவுதான். சிறு பிள்ளைக்கு அதுவும் நல்ல காரணமே.

இந்தத் துரோகப் பேச்சின் மிகக் கொடிய விளைவை இன்னும் சொல்லவில்லை. 2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், தன்னிடம் பயின்ற பெண் கொடுத்த புகாரில் போக்சோ சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அதன்பின் வேறு பெண்களும் புகார் சொல்ல முன்வந்தார்கள். "மாஸ்டரை விட்டுப் போனால் பாவம், எதிர்காலமே போய்விடும்" என்று நம்ப வைக்கப்பட்ட குழந்தை யாரிடம் போய் என்ன சொல்லும்? "ஏன் கிளம்புகிறாய்" என்று ஊரே நின்று கேட்கும் இடத்தில், வெளியே சொல்ல முடியாத காரணம் உள்ள பிள்ளை கிளம்பவே துணியாது. காரணம் கேட்காமல் கதவைத் திறந்து விடுகிற மைதானமே பாதுகாப்பான மைதானம். நல்ல பயிற்சியாளர்கள் இதற்காகவாவது அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும். அவர்கள் சொல்லும் அதே வார்த்தைக்குப் பின்னால்தான் கெட்டவர்களும் ஒளிந்துகொள்கிறார்கள்.

பெற்றோரிலும் தவறு செய்கிறவர்கள் உண்டு. ஒரு செலக்‌ஷனில் பெயர் வராவிட்டால் உடனே கிளப்பை மாற்றுவது, நடுப் போட்டியில் அணியைத் தவிக்க விட்டுப் போவது, மூன்று மாத ஃபீஸ் பாக்கியோடு போனை எடுக்காமல் இருப்பது, இதெல்லாம் அசிங்கம். பிள்ளைக்கு மாற விருப்பமா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இழுத்துக்கொண்டு போகும் அப்பாக்களையும் பார்க்கிறோம். அதுவும் பிள்ளையைச் சொத்தாக நினைப்பதுதான். முறையோடு கிளம்புங்கள். பாக்கியைக் கட்டுங்கள், சீசன் முடியட்டும், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பிள்ளையோடு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்டச் சங்கங்களும் செய்ய வேண்டியது கடினமான காரியமல்ல. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை கிளப் மாற விரும்பினால், பழைய கிளப் ஒரு வாரத்துக்குள் என்ஓசி தர வேண்டும். தராவிட்டால் தந்ததாகவே கொள்ள வேண்டும். சான்றிதழ்கள் போட்டி முடிந்த கையோடு பிள்ளையின் வீட்டுக்குப் போய்விட வேண்டும், கிளப் பீரோவுக்கு அல்ல. பிடித்து வைக்கும் கிளப்பின் பதிவை ரத்து செய்யுங்கள்.

மணவூரிலும் திருத்தணியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர்களே, உங்கள் உழைப்பை இந்த ஊர் மறக்காது. நாளை ஒரு பிள்ளை அப்பாவோடு வந்து தயங்கி நின்றால், என்ஓசியை நீங்களே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.