மலிவும் நயமும்

நயம் என்னுஞ் சொல் நமது கடைத்தெருக்களில் இருபொருள்பட வழங்குகின்றது. விலை குறைந்ததையும் நயம் என்பர். தரத்தில் உயர்ந்த சரக்கையும் நயம் என்பர். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றேயென மயங்கி, விலை நயத்தைச் சரக்கின் நயமாகக் கருதி ஏமாறுவோர் நம்மிற் பலர். அவருள் யானும் ஒருவனாயிருந்தேனாதலின், இவ்விஷயத்தைப்பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

இக்கல்லூரியிற் சேர்ந்த நாளில் 150 ரூபாய்க்கு ஒரு சோடி செருப்பு வாங்கினேன். சிக்கனக்காரன் என்று என்னை யானே மெச்சிக்கொண்டேன். நான்கு திங்களில் வார் அறுந்தது, அடி தேய்ந்தது. மீண்டும் அதுபோன்றதொன்றே வாங்கினேன். இங்ஙனம் 3 ஆண்டுகளில் 9 சோடி. செலவு 1,350 ரூபாய். என் அறைத்தோழரோ முதலாண்டில் 700 ரூபாய் கொடுத்துத் தோற்செருப்பொன்று வாங்கி, இருமுறை 100 ரூபாய் வீதம் அடி மாற்றித் தைப்பித்து, இன்றும் அதனையே அணிகின்றார். அவர் செலவு 900. சிக்கனக்காரன் யார் என்பதை வாசிப்போரே தீர்மானிக்க.

ஆயின், இக்கணக்கை யான் விடுதியில் எடுத்துரைத்தபொழுது ஒரு நண்பர் கூறிய விடை என் வாயை அடைத்துவிட்டது. "கணக்கு எனக்கும் தெரியும். 700 ரூபாயை ஒருசேரக் கையிற் கண்டாலன்றோ அக்கணக்கு எனக்குப் பயன்படும்?" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. மலிவுச் சரக்கை வாங்குவோர் யாவரும் அறியாமையால் வாங்குகின்றாரல்லர். பெரும்பாலோர் வேறு வழியின்மையால் வாங்குகின்றனர். செல்வர் ஒருமுறை கொடுத்து ஒழிவதை, ஏழைகள் பலமுறை கொடுத்தும் ஒழியாதிருக்கின்றனர். ஆதலின் மலிவை நாடுவோரை மூடரென நகைத்தல் அறமன்று.

இன்னுமொரு விந்தையும் உண்டு. சில வேளைகளில் மலிவாய் வாங்குவோர் ஒருவர். அதன் நஷ்டத்தைச் சுமப்போர் மற்றொருவர். வாடகை வீட்டின் மின்விசிறியை நோக்குக. சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் உண்ணும், புதுமுறை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஆண்டில் 3,000 மணி நேரம் சுழலுமாயின், முன்னையதற்கு 225 யூனிட்டும் பின்னையதற்கு 90 யூனிட்டும் ஆகும். யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் எனக் கொள்ளின், ஆண்டுதோறும் 810 ரூபாய் வேறுபாடு. விலையில் மிச்சம் பிடித்தவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் செலுத்துபவரோ குடியிருப்பவர்.

பணத்தோடு ஒழியும் நஷ்டத்தைப் பொறுக்கலாம்; உயிரோடு ஒழிவதை எங்ஙனம் பொறுப்பது? சாலையோரங்களில் விற்கும் தலைக்கவசங்கள் சில, காவலரின் கண்ணுக்குக் கவசமேயன்றித் தலைக்குக் கவசமல்ல. மோதலின் வேகத்தைத் தன்னுள் வாங்கி நசுங்குவது உட்புறத்துத் தடித்த நுரைப்படலமாகும். அது மெலிந்திருப்பின் வெளியோடு எத்துணைப் பளபளப்பாயிருந்தும் பயனில்லை. இதுபற்றியே இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டுமென இந்திய அரசாங்கம் பிறப்பித்த ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சில நூறு ரூபாய் மிச்சத்தைத் தலையோடு ஒப்பிட்டு நிறுத்துப்பார்ப்பவர் உளரோ?

நிற்க. விலையுயர்ந்ததெல்லாம் நல்லதென்று யான் கூறவந்தேனல்லேன். பெயருக்கும் பெட்டிக்கும் பணங் கொடுப்பது மற்றொரு மடமை. விலையை அது உழைக்கும் நாட்களால் வகுத்துப்பார். பழுதுபார்க்கக் கூடியதா என்று கேள். உயிருக்குக் காவலான பொருளாயின் முத்திரையை நோக்கு. இம்மூன்றுமே என் அபிப்பிராயத்திற் போதுமான விதிகள்.

இனி, என் நண்பரின் வினாவுக்கு விடை யாது? அதனை 1844-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரத் தொழிலாளர் கண்டனர். 28 பேர் சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுன் முதலைக்கொண்டு, வெண்ணெய், சர்க்கரை, மா முதலிய சில பண்டங்களைக் கலப்படமின்றி விற்கத் தாமே ஒரு கடை திறந்தனர். தனித்து இயலாததைக் கூடி இயற்றினர். நம் சென்னையிலும் 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் இந்நெறியில் தோன்றியதன்றோ?

நம் விடுதியிலும் இதனைச் செய்யலாகாதா? மாணவர் ஒவ்வொருவரும் வாரம் 20 ரூபாய் செலுத்துக. 50 பேர் சேரின் வாரத்திற்கு 1,000 ரூபாய் ஆகும். தேவை முந்திய ஒருவருக்கு அப்பொதுப்பணத்தினின்று நல்ல செருப்போ, குடையோ, தலைக்கவசமோ வாங்கித் தருக. அவர் தம் வாரத்தொகையால் அதனை நிரப்புக. இது தருமமன்று, கடனுமன்று என்றே சொல்லலாம். ஏழை மாணவன் கணக்கு அறிந்தும் தோற்கும் அவலத்தை நீக்கும் எளிய வழி இதுவே. அடுத்த ஆண்டு இவ்விடுதிக்கு வரும் ஒரு மாணவனாயினும் 9 சோடி செருப்பு வாங்காதிருப்பானாயின், யான் இழந்த 450 ரூபாயும் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.