முதலில் தட்டைப் பாருங்கள்



"தைராய்டுக்கு ஜிங்க் மாத்திரை நல்லதாமே, போடலாமா?" சமீபமாக நமக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏற்கெனவே காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள். முடி கொட்டுகிறது, அசதி போகவில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் ஜிங்க் என்று அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. உடல் அதை டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. அதற்குக் கைகொடுப்பது செலினியம். இந்த டி3 செல்லுக்குள் போய், அங்கே தனக்காகக் காத்திருக்கும் ரிசெப்டார் என்ற புரதத்தில் சேர்ந்தால்தான் மரபணுவுக்கு உத்தரவு போகும். ஜிங்க் வருவது இந்த இடத்தில்தான். அந்த ரிசெப்டார் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் பகுதியில் இரண்டு ஜிங்க் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை இருந்தால்தான் அந்தப் புரதம் சரியாக மடிந்து நிற்கும். இந்த அமைப்புக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ஜிங்க் விரல்'. 1985-ல் விஞ்ஞானி ஏரன் க்ளுக் குழுவினர் இதை முதலில் கண்டது ஓர் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் இருந்த புரதத்தில்!

ஆக, ஹார்மோன் சுரந்தால் மட்டும் போதாது. அதன் பேச்சைச் செல் கேட்டு நடக்க ஜிங்க்கும் வேண்டும்.

சரி, அப்படியானால் மாத்திரை வாங்கிவிடலாமா? பொறுங்கள். அதற்கு முன் ஒரு கதை.

பீகாரின் பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், 1950-களின் கடைசியில் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். அங்கே அவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்த்தால் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தார். வளர்ச்சி நின்றுபோயிருந்தது. சாப்பாடு என்று பார்த்தால் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டிதான் பிரதானம். மண் தின்னும் பழக்கமும் இருந்தது. ரொட்டியில் ஜிங்க் இல்லாமல் இல்லை. ஆனால் தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடவில்லை. பிறகு எகிப்தில் இதே மாதிரி இருந்த பையன்களுக்கு ஜிங்க் கொடுத்தபோது மளமளவென்று வளர்ந்தார்கள். மனிதனுக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதே அதற்குப் பிறகுதான்.

நம் சமையலறைக்கு இதில் சேதி இருக்கிறது. நாமும் தானியத்தை நம்பிச் சாப்பிடுகிறவர்கள்தானே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சொன்ன கணக்குப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் ஜிங்க் வேண்டும். நல்ல காலம், ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாமே ஃபைட்டேட்டைக் குறைக்கும். இட்லி மாவை ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்த நம் பாட்டிகளுக்கு ஃபைட்டேட் என்ற பெயர் தெரியாது. வேலை மட்டும் நடந்துவிட்டது. எள், முந்திரி, பூசணி விதை, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஜிங்க் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டன், நண்டு.

இப்போது நான் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி. இதெல்லாம் வீட்டில் யார் தட்டில் விழுகிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பில் கறித்துண்டு போனபின், மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டு கடைசியாகச் சாப்பிடுவது யார்? பிள்ளைகளுக்குச் சுண்டலைக் கொடுத்துவிட்டு, பழைய சோறும் ஊறுகாயுமாக மதியத்தை முடிப்பது யார்? தைராய்டு பிரச்னை ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதே பெண்கள்தான் பல வீடுகளில் கடைசிப் பந்தி. ஐந்நூறு ரூபாய்க்கு ஜிங்க் மாத்திரை வாங்கித் தரும் கணவன்மார்கள், ஒரு பிடி சுண்டலை முதலில் மனைவிக்கு எடுத்து வைத்தால் என்ன?

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகள், நீண்டநாள் குடல் நோய் உள்ளவர்கள், குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு டாக்டரே எழுதிக்கொடுப்பார். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு 14 நாள் ஜிங்க் கொடுக்கச் சொல்வது உங்களுக்குத் தெரியும். கவனியுங்கள், அதற்கும் நாள் கணக்கு உண்டு. பெரியவர்கள் தினம் 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டால், உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகையும் நரம்புப் பிரச்னையும் வரலாம்.

இன்னொன்று. ஜிங்க் குறைவாக இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது தைராய்டு அளவுகள் சற்று மேம்பட்டதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. குறைவே இல்லாதவர்களுக்குப் பலன் உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கிக் கெடுத்திருந்தால், ஜிங்க் அதை மீட்டுத் தராது. "ஜிங்க் ஆரம்பித்துவிட்டேன், தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், அம்மா. இரண்டையும் ஒன்றாகவும் விழுங்காதீர்கள். கால்சியம், இரும்பு, ஜிங்க் கலந்த சத்து மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

முடிக்காக வாங்கும் மாத்திரைகளில் ஜிங்க்கோடு பயோட்டின் என்ற வைட்டமினும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் தைராய்டைக் கெடுக்காது, ஆனால் சில லேப்களின் டெஸ்ட்டைக் குழப்பிவிடும். தைராய்டு டெஸ்ட்டில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பி, தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது என்று நினைத்து அதன் அளவைக் குறைத்துவிட்டால் அசதி திரும்பி வந்துவிடும். அதனால் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறார்கள். அதிக அளவில் போடுகிறவர்கள் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்