உழைச்செல்வானின் நான்காவது குணம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணுகிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். கடைசியில் நிற்பவரைத்தான் இன்று செவிலியர் என்கிறோம். (ஆண்பாலில் அமைந்த அச்சொல்லின் பணியை இன்று பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள்.) நான்கில் ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை கூறும் பரிமேலழகர், உழைச்செல்வானிடம் கேட்பவை நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் செய்யும் வன்மை, அறிவு. நமது புறநோயாளர் பிரிவுகள் முதல் மூன்றையும் செவிலியரிடம் தவறாமல் எதிர்பார்க்கின்றன. நான்காவதற்கு அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை என்பதே நமது முறையீடு.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்தார் ‘நர்சம்மா’ என்று அழைக்கும் அந்தப் பெண்மணி, காலை வேளையில் என்ன செய்கிறார்? இரத்த அழுத்தம் பார்க்கிறார், ஊசி போடுகிறார், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார், பதிவேடு எழுதுகிறார், வரிசையில் முந்துவோரை அதட்டுகிறார். உள்ளே மருத்துவரின் பாடும் அதேதான். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் ஒதுக்கும் நேரம் சுமார் 2 நிமிடம் என்றது.

அந்த 2 நிமிடத்தில் எது நழுவுகிறது என்பதற்குச் சர்க்கரை நோயாளிகளையே பார்க்கலாம். பாகூர்ப் பக்கம் நடவுக்குச் செல்லும் ஒரு பெண் விடியுமுன் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறார். உணவோடு விழுங்க வேண்டிய மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் எப்படி விழுங்குவது என்று காலை மாத்திரையை விட்டுவிடுகிறார். அடுத்த மாதம் சர்க்கரை ஏறியிருக்கிறது. மருத்துவர் அளவைக் கூட்டுகிறார், அல்லது கிளிமிபிரைடு சேர்க்கிறார். அதை விழுங்கிவிட்டு உண்ணாமல் வேலை செய்தால் சர்க்கரை தாழ்ந்து வரப்பிலேயே மயங்கி விழ நேரும். இவ்வளவுக்கும் காரணம், “காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் அம்மா?” என்ற ஒரு கேள்வி கேட்கப்படாததுதான். மாத்திரையின் நிறம் இன்னொரு வினை. மருந்து வழங்கும் நிறுவனம் மாறினால் வெள்ளை மாத்திரை இளஞ்சிவப்பாகிவிடும்; இரண்டையும் வேறு வேறு மருந்தென்று எண்ணிச் சேர்த்து விழுங்குவோர் உண்டு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைக் குளிர்ச்சியில் வைக்கலாம் என்பதையும், உணர்ச்சி மரத்த பாதத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்பதையும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அகப்பாடல்களில் தலைவி வாடக் கண்ட தாயர் வேலனை அழைப்பார்கள். அவன் வந்தவுடன் முருகன் அணங்கினான் என்று சொல்லிவிடுவான். உண்மை தோழிக்குத் தெரியும். அவளை யாரும் கேட்பதில்லை. நமது புறநோயாளர் பிரிவை நினைக்கும்போதெல்லாம் இந்த வெறியாட்டுக் காட்சி மனத்தில் எழுகிறது. மருத்துவர்கள் பொறுத்தருள்க.

செவிலியரின் அறிவை அரசு அறியாததன்று. 2018இல் அறிவிக்கப்பட்ட நலவாழ்வு மையங்களில் சமுதாய நல அலுவலர் பொறுப்புக்குச் செவிலியப் பட்டதாரிகளை அமர்த்தும் ஏற்பாடு வந்தது. தமிழ்நாடு 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, நோய்தணிப்புச் செவிலியரையும் வீடுகளுக்கு அனுப்பியது. நமது எல்லையோ கிராமத்துக்குக் கிராமம் பின்னிக் கிடப்பது. அங்கே நடப்பதை இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

செவிலியர் எண்ணிக்கை போதாது, இதில் பேசவும் நேரமா என்பார்கள். போதாதுதான். ஆனால் பதிவேடு நிரப்பவும் வரிசையைக் காக்கவும் செவிலியப் படிப்பு வேண்டியதில்லை. அவற்றை வேறொருவரிடம் கொடுக்கலாம். போட்ட ஊசிக்குக் கணக்கு உண்டு, கட்டிய கட்டுக்குக் கணக்கு உண்டு. பேசியதற்கு மட்டும் பதிவேட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலை மேலதிகாரியின் கண்ணில் வேலையே அன்று. நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகள் வரும் நாளில் மட்டுமாவது, மருத்துவரைப் பார்த்து வெளிவருவோர் மருந்து வாங்கிய கையோடு செவிலியர் ஒருவர்முன் 10 நிமிடம் அமரட்டும். அதற்கு வேண்டியவை ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், பக்கத்து ஆள் காதில் விழாதபடி ஒரு தடுப்புத் திரை. பதிவேட்டில் ஒரு புதிய கட்டம்.