ஸ்கேனர் பேசவில்லை என்றால் இசிஎம் செத்துவிட்டதா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் ஹார்ஸ் பவரைக் கேட்பார்கள், மைலேஜைக் கேட்பார்கள். உள்ளே இருப்பது எந்த ஓபிடி என்று யாரும் கேட்பதில்லை. வண்டி படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது!

ஓபிடி என்பது கார் தன் நோயைத் தானே சொல்லும் ஏற்பாடு. எஞ்சினில் கோளாறு வந்தால் இசிஎம் என்ற கம்ப்யூட்டர் அதை ஒரு எண்ணாகக் குறித்து வைத்து, டாஷ்போர்டில் விளக்கை எரிய விடும். ஸ்கேனரைச் சொருகினால் எண் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், எல்லாக் கார்களும் ஒரே மொழியில் பேசுவதில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தால் அது ஓபிடி 2 என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. 1994, 95 மாடல் செவ்ரோலெட் கார்வெட்டில் அதே 16 பின் சாக்கெட்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே பேசுவது பழைய ஓபிடி 1!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வண்டி எந்த நாட்டுக்காக, எந்த வருடம் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி 2 கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. இந்தியாவிலோ பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில் ஓபிடி 2. அந்த பாரத் ஸ்டேஜ் 4 கூட 2010ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான் தொடங்கியது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே ஆர்சி புத்தகத்தில் 2012 என்று இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கர். அமெரிக்கக் கார்களில் ஓபிடி வகை அதிலேயே அச்சாகியிருக்கும். கடைசியாகத்தான் சாக்கெட். 7வது பின் இருந்தால் கே-லைன், 6ம் 14ம் இருந்தால் கேன் என்று ஊகிக்கலாம். 16வது பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். வயரை வைத்து விளையாடக் கூடாது!

நம் ஊருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். திருவள்ளூரில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சரை இன்றும் ஸ்போர்ட்ஸ் கார் போலக் கொண்டாடுபவர்கள் உண்டு. அது பிறந்தபோது இங்கே ஓபிடி சட்டமே கிடையாது. ஜெயங்கொண்டத்தில் அப்படி ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, புது ஸ்கேனர் பேசவில்லை என்றால் "இசிஎம் போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். நல்ல இசிஎம்மைக் கழற்றிப் போட்டு, வண்டிக்காரர் ஆயிரக்கணக்கில் தண்டம் அழுவார்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவரத்தைப் பூட்டி வைத்தால் மெக்கானிக் குருட்டாம்போக்கில்தானே வேலை பார்ப்பார்?

விற்பனை நின்றுபோன மாடல்களின் ஓபிடி விவரத்தையாவது நிறுவனங்கள் இலவசமாக வெளியிட வேண்டும். அதுவரை ஒன்றே ஒன்று: வண்டி எந்த மொழி பேசும் என்று தெரிந்துகொண்ட பிறகு ஊமையா இல்லையா என்று முடிவு செய்யலாம்.